பவுஸ்தோவின் மூன்றாவது அவுட்

பூன்டா கார்சாவில் எண்ணத் தெரியாதவர்கள் பலர் உண்டு. சாலை போட வந்த சிமென்ட் மூட்டைகளைச் சரியாக எண்ணத் தெரியாமல், மீந்ததில் தனக்கு மாடி வீடு கட்டிக்கொண்ட நகராட்சித் தலைவர் ஒருவர். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் வானத்தைப் பார்க்கும் பாட்டுக்காரர் ஒருவர். கரும்பாலை எடைமேடையில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து, ஒருமுறைகூட வெட்டுக்காரனுக்குச் சாதகமாகத் தவறு செய்யாத குமாஸ்தா ஒருவர். இவர்களையெல்லாம் ஊர் மன்னித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையும் கொடுத்துவிட்டது. மன்னிக்காதது பவுஸ்தோ செவெரினோ ஒருவரைத்தான். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை இரண்டை மூன்று என்று எண்ணிவிட்டார்.

இப்போது அவர் ஷேர் டாக்சி ஓட்டுகிறார். முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர், மடியில் கோழியோ குழந்தையோ இருந்தால் அது கணக்கில் வராது. கரும்பாலை வாசலில் வண்டி நிற்கும்போதே ஆரம்பிப்பார்கள்.

"சாம்பியன், ஆளெல்லாம் எண்ணியாச்சா? யாரையாவது விட்டுட்டுப் போயிடாதீங்க."

"அவருக்கு விட்டுட்டுப் போற பழக்கம் இல்லப்பா. தூக்கிக் குடுத்துட்டுப் போற பழக்கம்தான்."

பின் இருக்கையிலிருந்து யாராவது கையை நீட்டி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காட்டுவார்கள். "எத்தனை அவுட், சாம்பியன்?" பவுஸ்தோ பதில் சொல்வதில்லை. கண்ணாடியில் தொங்கும் ஆல்த்தகிராசியா மாதாவின் சிறிய படத்தைப் பார்த்துக்கொண்டே கியரை மாற்றுவார். மாதாவும் அவரிடம் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அவருக்கு ஒரு ஆறுதல்.

அவர் மோசமான பேஸ்பால் ஆட்டக்காரர் அல்ல. பதினேழு வயதில் வடக்கே அழைத்துப் போனார்கள். பனி கொட்டும் ஊர்களில், வாயில் நுழையாத பெயர்கொண்ட அணிகளுக்காக மைதானத்தின் வலது மூலையில் பந்து பிடிக்க நின்றார். பேருந்தில் தூங்கி, ரொட்டிக்குள் வைத்த தொத்திறைச்சியைத் தின்று, பெரிய லீக்கில் ஒரு கோடைக்காலத்தின் வாலை மட்டும் தொட்டார். வடக்கே கோடை முடிந்ததும் எல்லோரையும்போல ஊருக்கு வந்து, குளிர்கால லீக்கில் பூன்டா கார்சா நாரைகள் அணிக்காக ஆடினார். அவர் வலது மூலையிலிருந்து எறியும் பந்து தரையைத் தொடாமல், ஓட்டம் முடியும் வீட்டுத்தளம் வந்து சேரும். இதெல்லாம் நடந்ததற்குச் சாட்சிகள் உண்டு. ஆனால் அதை நினைவு வைத்துக்கொள்ள ஊருக்கு நேரம் இல்லை. அது வேறொன்றை நினைவு வைத்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தது.

அந்த வேறொன்று இதுதான். தலைநகர அணியோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம். கடைசிப் பகுதி. இரு பக்கமும் சமம். எதிரிகளில் ஒருவன் இரண்டாம் தளத்தில் நிற்கிறான். வலது மூலைக்கு உயரமாக ஒரு பந்து வந்தது. பவுஸ்தோ ஓடிப்போய் அழகாகப் பிடித்தார். பிடித்தவர் புன்னகையோடு வேலிவரை நடந்து, கேலரியில் நின்ற ஒரு அம்மாளின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டார். மூன்றாவது அவுட் என்று நினைத்துவிட்டார். அது இரண்டாவது. மூன்று அவுட்டில் ஒரு பக்கத்தின் முறை முடியும், பந்து செத்துவிடும், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டில் அதற்கு உயிர் இருக்கிறது. உயிருள்ள பந்து கேலரிக்குள் போனால் ஓடுகிறவனுக்கு இரண்டு தளம் இனாம். அவன் ஓடக்கூட இல்லை. மாலை நடைக்குப் போகிறவன்போல நடந்து வந்து வீட்டுத்தளத்தை மிதித்தான். அந்த ஓர் ஓட்டத்தில் எதிரிகள் முந்திவிட்டார்கள்.

மறுபாதியில் நாரைகளின் ஆட்கள் மூன்று பேர் வரிசையாக வந்து, பந்தைத் தொடாமல் வரிசையாகத் திரும்பிப் போனார்கள். அதற்கும் பழி பவுஸ்தோவுக்குத்தான். அன்றிலிருந்து அவர் பெயர் ரெண்டு அவுட். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கல்யாணப் பதிவில் மட்டும் இருக்கிறது.

இந்தக் குளிர்காலத்தில், அணியின் மேலாளர் ஒக்தாவியோ அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். குளிர்சாதன அறை, கண்ணாடி மேசை, அதற்கு அந்தப்பக்கம் பந்தைத் தொட்டறியாத கைகள்.

"தொன் பவுஸ்தோ, நம்ம பசங்களுக்கு மூலையில நிக்கக் கத்துக்குடுக்க ஒரு ஆள் வேணும். உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

இரண்டு முழங்காலும் போய்விடுவதற்குள் ஒருமுறையாவது அந்தப் புல்லில் தினமும் நிற்க வேண்டும் என்பது பவுஸ்தோ செபமாலை உருட்டும்போதெல்லாம் சொல்லும் வேண்டுதல். வேறு யாரிடமும் சொன்னதில்லை. மனைவி மிரேயாவிடம்கூட.

"அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு நிகழ்ச்சி," என்றார் மேலாளர். "வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ரெண்டு அவுட் திருவிழா. பொரிச்ச கோழி கம்பெனிக்காரங்க நடத்துறாங்க. வர்றவங்க எல்லாருக்கும் ரெண்டு கோழிக்கால். மூணு இல்ல, ரெண்டு. புரியுதில்ல?" அவரே சிரித்துக்கொண்டார். "அந்தப் பந்த வாங்கின அம்மா இன்னும் உயிரோடதான் இருக்காங்களாம். நீங்க போய் அவங்களக் கூட்டிட்டு வாங்க, பந்தோட. அவங்க மைதானத்துல அதை உங்ககிட்ட திருப்பிக் குடுப்பாங்க. நீங்க மூணு விரலக் காட்டுவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் பந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கோழிக்கடையில இருக்கும். கீழ ஒரு பலகை. 'நமக்குக் கோப்பையைப் பறிகொடுத்த பந்து.' திங்கக்கிழமை நீங்க வேலையில சேந்துக்கலாம்."

அவமானம் புதிதல்ல, சம்பளம்தான் புதிது என்று யோசித்தபடி பவுஸ்தோ தலையாட்டினார்.

பந்தை வாங்கிய அம்மாள், ஊர் மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் எர்சிலியாவின் வீடு ஆலைக்குப் பின்னால், தகரக்கூரைச் சந்தில் இருந்தது. இத்தனை வருடமாக பவுஸ்தோ அந்தச் சந்துக்குள் வண்டியைத் திருப்பியதில்லை. தன்னையே இந்தப் பாடு படுத்தும் ஊர், பந்தைக் கைநீட்டி வாங்கிய அந்த அம்மாளை என்னென்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கவே அவருக்குக் கூசும். கதவைத் தட்டும்போது, வசவு வாங்கிக்கொள்ளத் தயாராக முதுகைச் சற்று வளைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. உருவம் சிறுத்துப்போயிருந்தது. ஆனால் அதே முகம். அந்த நாட்களில் வலப்பக்கக் கேலரியில் கூடையோடு சுற்றி வறுத்த கடலை விற்றவள். அவர் ஆட்டம் சரியில்லாமல் போன ஒரு பருவத்தில், கேலரி முழுக்க அவர் தாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு கடலைப் பொட்டலத்தை நீட்டி, "சாப்பிடு மவனே, கத்துறவனுங்களுக்குப் பசி, அதான் கத்துறானுங்க" என்று சொன்ன ஒரே ஆள்.

"மவனே," என்றாள் தோன்யா. "இம்புட்டு வருஷம் ஆச்சா உனக்கு இந்தப் பக்கம் வர?"

உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். மூலையில் மாதாவின் படம், அதற்கு முன்னால் மெழுகுவர்த்தி, பக்கத்தில் அந்தப் பந்து. ஒருபக்கம் முழுக்க மெழுகு வழிந்து உறைந்திருந்தது.

"எம் புருஷன் கசிமீரோ சாகுற வரைக்கும் அதக் கையிலயே வெச்சிருந்தாரு," என்றாள். "படுத்த படுக்கை. ரேடியோ கேப்பாரு, பந்த உருட்டுவாரு. அவருக்காகத்தான உங்கிட்டக் கேட்டேன். கடைசியாப் பிடிக்கிற பந்து உங்களுக்குத்தான் தோன்யான்னு சொன்ன. சொன்ன சொல்லு தவறல நீ."

பவுஸ்தோ காப்பிக் கோப்பையைப் பார்த்தார். ஆமாம், சொன்னார். சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் எண்ணிக்கை தவறியது.

"தோன்யா, அந்த ஆட்டத்தப் பத்தி..."

"தெரியுமே. நாமதான் ஜெயிச்சோம்."

பவுஸ்தோ கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"எனக்கு ஆட்டம் புரியாது மவனே. கடலை விக்கத்தான் தெரியும். நீ பந்தக் குடுத்ததும் ஒரே கூச்சல். நம்ம துலியோ இருக்கான்ல, கடைக்காரன், அப்ப அவன் எளந்தாரி. ஓடி வந்து கையப் பிடிச்சான். 'ஜெயிச்சாச்சு தோன்யா, கூட்டம் நசுக்கிடும், வாங்க'ன்னு வெளிய இழுத்துட்டு வந்துட்டான். வீட்டுக்கு வந்தா கசிமீரோ ரேடியோவ அணைச்சிட்டு அழுதுட்டு இருக்காரு. சந்தோசத்துல. 'நீ வாங்கிட்டு வந்தது ஜெயிச்ச பந்துடி'ன்னாரு." தோன்யா முன்சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "உன்ன ஊரே ரெண்டு அவுட்டுன்னு கூப்பிடுதே, அது என்னன்னு துலியோவக் கேட்டேன். ஒரே பந்துல ரெண்டு பேர அவுட்டாக்கினவருக்குக் குடுக்குற பட்டமாமே. மவராசனா இரு."

பவுஸ்தோ வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார். சாவியைத் திருகத் தோன்றவில்லை.

இந்த ஊரை அவருக்குத் தெரியும். நகராட்சித் தலைவரின் இரண்டாவது குடும்பத்தை ஒரு மத்தியானம்கூட மறைத்து வைக்க முடியாத ஊர் இது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது பாதிரியார் வெளியே வருமுன் சந்தைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ஊர், ஒரு கடலைக்காரியிடம் ஒரே ஒரு பொய்யை இத்தனை வருடம் சிந்தாமல் காப்பாற்றியிருக்கிறது. சந்தில் ஒருவர், சந்தையில் ஒருவர், கேலரியில் ஒருவர்கூட வாய் தவறவில்லை. அவளிடம் காட்ட வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவர் தலையிலேயே கொட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. அவர் வெளிக்கள வீரர், விழுவதைப் பிடிப்பதுதான் அவர் தொழில்.

அவளை அழைக்காமலே திரும்பி, நேராக மேலாளரிடம் போனார்.

"அந்தம்மா வேண்டாம் சார். நான் மட்டும் வர்றேன். என்ன வேணா பண்ணுங்க. கோழி வேசம் போடச் சொன்னாக்கூடப் போடுறேன். அவங்களுக்குத் தோத்தது தெரியாது."

ஒக்தாவியோ வாய்விட்டுச் சிரித்தார். "தெரியாதா? இது இன்னும் அருமையா இருக்கே. மைக்குல சொல்லும்போது அந்தம்மா முகத்தப் பெரிய திரையில காட்டிடலாம். நீங்க கூப்பிட்டீங்களா இல்லையான்னு சந்தேகமா இருந்துச்சு, இப்பத்தான் ஆபீஸ் பொண்ண கேக்கோட அனுப்பியிருக்கேன்."

அன்று சாயங்காலம் மிரேயா வாழைக்காயை இடித்து மங்கூ செய்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். வேண்டுதலையும் சேர்த்துத்தான். அதை மட்டும் கேட்டதும் உலக்கை கொஞ்சம் நின்றது.

"இத என்கிட்டச் சொல்ல உமக்கு இத்தன வருசம். கெழவரே, நீர் மாதாகிட்ட மட்டும் பேசுறதுக்கு என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீரு?"

"நான் போகாம இருந்துட்டா?"

"நீர் போகாட்டியும் அந்தம்மா போவா. ஆபீஸ்காரி வந்துட்டுப் போன கையோட நீல கவுன இஸ்திரி போட்டுச் சந்துல எல்லார்கிட்டயும் காட்டிட்டாளாம். அங்க அவள ஒத்தையா நிக்க விடப் போறீரா?" உப்புப் போட்டாள். "வேலை போனாப் போவுது. டாக்சி இருக்கு. அது ஓடலன்னா தள்ள நான் இருக்கேன்."

மறுநாள் பவுஸ்தோ துலியோவின் கடைக்குள் நுழைந்தார். வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த நான்கு பேரும் கட்டைகளை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். அவர் அந்தக் கடைக்கு மிரேயாவைத்தான் அனுப்புவார். துலியோ சலாமித் தொத்திறைச்சி வெட்டிக்கொண்டிருந்தான். பருத்த உடம்பு, ஊரிலேயே நீளமான நாக்கு.

"அடடே. என்ன வேணும்? முட்டையா? நானே எண்ணித் தர்றேன், நீங்க சிரமப்படாதீங்க." கத்தியைக் கீழே வைத்து இரண்டு விரலைத் தூக்கினான். "எத்தனை அவுட், சாம்பியன்?"

"ரெண்டு," என்றார் பவுஸ்தோ.

அந்தக் கேள்விக்கு அவர் இதுவரை பதில் சொன்னதே இல்லை. பதில் வந்தால் அடுத்து என்ன சொல்வது என்று துலியோவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ரெண்டுதான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஒருத்தருக்குத்தான் தெரியாது. ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லப் போறாங்க."

துலியோ சலாமியைப் பார்த்தான். வெட்டிய துண்டுகள் ஒன்றுக்கொன்று கனத்தில் ஒத்துவரவில்லை.

"யாரு சொன்னா?"

"அவங்களே சொன்னாங்க. நீ கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதையும் சேத்து."

"நசுங்கிடுவாங்கன்னு பயம்," என்றான் துலியோ முரட்டுத்தனமாக. "அவங்க கடலையத் தின்னு வளந்தவன் நான். காசு இல்லாத நாள்லயும் தின்னவன். உமக்காக ஒண்ணும் செய்யல. உம்ம மன்னிச்சிட்டேன்னும் நினைச்சுக்காதேயும்."

"நினைக்கல."

"நல்லது. முட்டை வேணுமா வேண்டாமா?"

முட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். உதவுகிறேன் என்று துலியோ சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் முட்டை ஒன்று கூடுதலாக இருந்தது. துலியோவுக்கு எண்ணத் தெரியும் என்பது ஊரறிந்தது.

ஞாயிறு மாலை மைதானம் நிரம்பி வழிந்தது. நாரைகள் அந்தப் பருவம் முழுக்க ஆடிய ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. கோழிக்கால் என்றால் வேறு. பவுஸ்தோ தன் பழைய எண் போட்ட சட்டையோடு, தோன்யாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வலது மூலைப் புல்லுக்குள் நடந்தார். நீல கவுன், கழுத்தில் சிலுவை, கையில் கைக்குட்டைக்குள் பந்து.

"எல்லாரும் உனக்காகத்தான் வந்திருக்காங்க," என்றாள் தோன்யா.

"கோழிக்கும் கொஞ்சம் பேரு வந்திருக்காங்க தோன்யா."

அறிவிப்பாளர் பளபளக்கும் கோட்டுப் போட்டு மைக்கோடு காத்திருந்தார். மேலாளர் பக்கத்தில். பெரிய திரையில் தோன்யாவின் முகம், ஒரு வீடு அளவுக்கு.

"சீமான்களே, சீமாட்டிகளே. பல வருடங்களுக்கு முன், இதே மூலையில், இதோ இந்த அம்மா..."

பட்டென்று எல்லாம் அணைந்தது. மைக், திரை, பாட்டு, கோழிக்கடையின் சுழலும் விளக்கு. கேலரியிலிருந்து ஊரே ஒரே குரலில் பழக்கமான பெருமூச்சு விட்டது. "கரண்ட் போச்சு." யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பூன்டா கார்சாவில் கரண்ட் போவதற்குக் காரணம் தேடுகிறவன் வெளியூர்க்காரன். மைதானத்தின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது துலியோவின் மைத்துனன். அவன் அப்போது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் இருந்தான், மும்முரமாக ஒன்றும் செய்யாமல்.

அறிவிப்பாளர் கையைக் குவித்துக் கத்திப் பார்த்தார். வலப்பக்கக் கேலரி அவருக்கு மேல் கத்தியது. "சத்தமே கேக்கல." "கோட்டு நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்க?" "இந்த வரிசைக்கு இன்னும் கோழி வரல." முன்வரிசையில் துலியோ நின்றுகொண்டு, ஒரு பாட்டுக் குழுவை நடத்துகிறவன்போலக் கையை வீசிக்கொண்டிருந்தான்.

ஒக்தாவியோவின் முகம் சிவந்தது. "செவெரினோ, மைக் போனாப் போகுது. பந்த வாங்குங்க, மூணு விரலக் காட்டுங்க. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, ஜோக் என்னன்னு. போட்டோக்காரன் ரெடி." பெட்டியைத் திறந்து வைத்தார். அடியில் அந்தப் பலகை.

தோன்யா கைக்குட்டையை விரித்துப் பந்தை நீட்டினாள். "என்னமோ பொட்டியில வைக்கணும்னு கேட்டாங்க மவனே. நல்லா வெச்சுப்பாங்களா?"

பவுஸ்தோ பந்தை வாங்கினார். தையல் தேய்ந்திருந்தது. மெழுகு, கடலையெண்ணெய், ஒரு செத்துப்போன மனிதனின் உள்ளங்கை. காலுக்கடியில் புல் இருந்தது, ஈரமாக, அவர் வேண்டிக்கொண்ட அதே புல். திங்கட்கிழமை காலை அது அவருடையது. மூன்று விரலைத் தூக்கினால் போதும்.

அவர் திரும்பினார். புன்னகையோடு, அன்று நடந்ததுபோலவே இரண்டு எட்டு வைத்து, பந்தைத் தோன்யாவின் கையில் கொடுத்து, அவள் விரல்களை அதன் மேல் மூடினார்.

"பொட்டி சரியில்ல தோன்யா. மாதா பக்கத்துலயே இருக்கட்டும்."

கேலரி எட்டிப் பார்த்தது. அதே மூலை, அதே மடையன், மறுபடியும் பந்தைக் கொடுத்துவிட்டான். பிறகு துலியோ கையைத் தூக்கினான். பவுஸ்தோ இரண்டு விரலை எதிர்பார்த்துத் தலையைக் குனியப் பார்த்தார். துலியோவின் கையில் மூன்று விரல் இருந்தது. அவன் பக்கத்தில் நின்றவன் மூன்று. அவன் பின்வரிசையில் மூன்று, மூன்று, மூன்று. கேலரி முழுக்க மூன்று விரல்கள், சிலவற்றின் நடுவே கோழிக்கால்.

"என்ன சொல்றாங்க மவனே?"

"ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்றாங்க தோன்யா."

"ஜெயிச்சோமா?"

"நீங்க கேலரியில நின்னா நாம எப்பத் தோத்தோம்?"

அவள் கையை அசைத்தாள். ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

மேலாளர் விடைபெறும்போது, "போன் பண்றோம்" என்றார். இன்னும் வரவில்லை. கரண்ட் பிரச்சினையாக இருக்கலாம் என்று மிரேயா சொல்கிறாள். மூலையில் நிற்கக் கற்றுக்கொடுக்க, கோழிக் கம்பெனி முதலாளியின் மருமகனை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. பையன் கூடைப்பந்து ஆடியவனாம். கடவுள் அந்தப் பசங்களைக் காப்பாற்றட்டும். பவுஸ்தோவின் வேண்டுதலில் இப்போது அவர்களும் உண்டு.

விழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, வண்டி கரும்பாலை வாசலில் நின்றது. முன்னிருக்கையில் துலியோ ஏறி உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம். பின்னால் நான்கு பேர் ஏற்கெனவே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றைக்கு எல்லாம் மாறிவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

"எத்தனை அவுட், சாம்பியன்?" என்றான் துலியோ, இரண்டு விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டி.

"ரெண்டு."

"ஞாபகம் இருந்தாச் சரி." சட்டைப்பையைத் துழாவி, கசங்கிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தான். வறுத்த கடலை, இன்னும் சூடாக. "தோன்யா குடுத்து விட்டாங்க. வர்ற வழியில பாதிய நான் தின்னுட்டேன். எண்ணவா போறீரு?"